“எடுத்துக்கோ” என்ற அக்கா இப்போது “வேண்டாம்” என்கிறார்: படங்களைக் கண்காட்சியில் வைக்கலாமா?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. பிழைப்புக்கு வேறு வேலை, ஆனால் பத்து வருடமாகக் கறுப்பு வெள்ளையில் மனிதர்களின் முகங்களைப் படமெடுத்து வருகிறார். ஆறு வயது மூத்த அக்கா இரண்டு வருடத்துக்கு முன்னால் கடுமையான சிகிச்சையில் இருந்த ஐந்து மாதமும் இவர்தான் கூடவே இருந்திருக்கிறார். அந்த மாதங்களில் ஏறக்குறைய 900 படங்கள். முடி கொட்டிய பிறகு எடுத்தவை, ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தவை, தூங்கும்போது எடுத்தவை. முதல் நாள் கேட்டபோது அக்கா “எடுத்துக்கோ, உன் இஷ்டம்” என்று போனில் செய்தி அனுப்பியிருக்கிறார், அது இன்னும் இவரிடம் இருக்கிறது. அக்கா இப்போது குணமாகி வேலைக்குப் போகிறார். இதற்கிடையில் ஒரு குழுக் கண்காட்சிக்கு அந்த 900-ல் 12 படங்கள் தேர்வாகிவிட்டன, பிரிண்ட் கொடுக்க இன்னும் ஆறு வாரம்தான்.

அக்காவிடம் பிரிண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உறைக்குள் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் கழித்து ஒரே வரி: “வேண்டாம்டா. நான் அன்னிக்கு அவ்வளவு மோசமா இல்ல.” அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

இவர் கேட்பது இதுதான். படம் எடுத்தவன் நான், செய்தியில் சம்மதமும் இருக்கிறது, அப்படியிருக்க சட்டப்படி என்னைத் தடுக்க முடியுமா? கறுப்பு வெள்ளைதானே, தலையில் முடிகூட இல்லை, யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் தன் அப்பாவின் கடைசி வருடங்களைப் படமெடுத்து 1974-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே வைத்தாரே, அவருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா? கடைசியாக ஒரு வரி, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: “என்னை நம்பித்தானே உட்கார்ந்தாள், இப்போது ஏன் நம்ப மாட்டேன் என்கிறாள்?”

சகோதரருக்கு,

நான் வழக்கறிஞர். படைப்பாளிகளின் ஒப்பந்தங்கள், அந்தரங்க உரிமை வழக்குகள், இவைதான் என் அன்றாட வேலை. ஒரு காலத்தில் இருட்டறையில் நின்று பிரிண்ட் போட்டுப் பழகியவளும்கூட, அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது. நேர் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றிருக்கிற நிலையில் இந்தப் படங்களை வைக்காதீர்கள். வைத்தால் சட்டச் சிக்கல் வருமா வராதா என்பது நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்தது, ஆனால் அக்கா உங்களுக்குக் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்ன என்பதற்கு எந்த நாட்டுச் சட்டமும் தேவையில்லை.

அதோடு இதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ஐந்து மாதம் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். கையில் கேமரா இருந்ததால்தான் உங்களால் அங்கே உட்கார முடிந்திருக்கும். அந்தப் படங்கள் நன்றாக இருக்கின்றன என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இந்தக் கேள்வி இவ்வளவு வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

“உன் இஷ்டம்” எதற்குச் சொன்னது?

அந்தச் செய்தியை அக்கா எந்த நிலையில் எழுதினார் என்று யோசித்துப் பாருங்கள். சிகிச்சை தொடங்கிய வாரம், உடம்பு தன் கையில் இல்லை. ஊசி போடுகிறவரிடமும் “சரி”, மாத்திரை கொடுப்பவரிடமும் “சரி”, தம்பி கேமராவைத் தூக்கினால் அதற்கும் “சரி”. நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த சம்மதம் அது. அது பொய்ச் சம்மதம் என்று சொல்லவில்லை. அதன் அளவு என்ன என்றுதான் கேட்கிறேன். “எடுத்துக்கோ” என்றால் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எங்கே மாட்டுவது, யார் பார்ப்பது, விற்பதா, இணையத்தில் போடுவதா என்று நீங்களும் அன்று கேட்கவில்லை, உங்களுக்கே அன்று தெரியாது.

எங்கள் தொழிலில் இதைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் பார்ப்போம். எடுக்கச் சம்மதம் ஒன்று, வெளியே காட்டச் சம்மதம் வேறு, விற்கவும் அச்சிடவும் சம்மதம் இன்னும் வேறு. முதலாவது கிடைத்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் படமெடுப்பவர்கள் செய்கிற மிகச் சாதாரணத் தவறு. என்னிடம் வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன, திருட்டுத்தனமாக எடுத்த படத்தில் ஆரம்பிப்பவை குறைவு. பிரியத்தோடு எடுத்த படத்தால்தான் மனிதர்கள் பிரிகிறார்கள்.

12-ல் மூன்று படங்கள் அக்கா தூங்கும்போது எடுத்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கு எடுக்கும் சம்மதமே கேள்விக்குரியது. தூங்குகிறவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. அக்கா பிறகு மனம் மாறினாலும், இந்த மூன்றை நீங்களாகவே எடுத்து ஒதுக்கி வையுங்கள்.

கறுப்பு வெள்ளை ஆளை மறைக்காது

இதில் இரண்டு தப்புக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, அடையாளம் தெரியாது என்பது. நம்மை அடையாளம் காண்பவர்கள் கண்ணின் இடைவெளியையும் தாடையின் கோட்டையும் உட்காரும் விதத்தையும் வைத்துக் காண்கிறார்கள், நிறத்தை வைத்து அல்ல. முகம் தேடும் மென்பொருளுக்கும் கறுப்பு வெள்ளை ஒரு தடையே இல்லை. கீழே உங்கள் பெயர் வேறு இருக்கப்போகிறது. உங்கள் அக்காவோடு வேலை செய்கிற யாரோ ஒருவர் அந்தச் சுவர் முன்னால் வந்து நின்றால், அவருக்கு அக்காவே சொல்லாத ஒரு விஷயத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பையும் ஆரஞ்சையும் நன்றாக இறக்கி வைத்தேன், அப்போதுதான் கண்ணுக்குக் கீழே இருக்கும் நிழல் பேசியது என்று. அந்த வரியைப் படித்ததும் அக்காவின் பதில் எனக்குப் புரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டிஜிட்டல் கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்பான ரா ஃபைலில் படம் பெரும்பாலும் கலராகத்தான் இருக்கிறது, எந்த நிறம் எவ்வளவு சாம்பலாக வேண்டும் என்பதை எடுத்தவர் பிறகு தீர்மானிக்கிறார். மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதில் அதிகம் இருப்பது சிவப்பும் ஆரஞ்சும். கணினியில் அந்த இரண்டு நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களை ஏற்றினால் முகம் வெளுத்து வழுவழுப்பாகிவிடும், சுருக்கமும் திட்டும் கரைந்துபோகும். இறக்கினால் அதே முகத்தில் கருவளையம் ஆழமாகும், உதடு கறுக்கும், கண்ணுக்கே தெரியாத திட்டுகளெல்லாம் மேலே எழும்பி வரும். சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் எடுத்த முகங்கள் அப்படிக் கடுமையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒரே வெளிச்சம், ஒரே நொடி, ஒரே முகம், ஆனால் ஒரு ஸ்லைடரில் அந்த ஆளை ஐந்து வயது கூட்டலாம், குறைக்கலாம்.

ஆக “நான் அன்னிக்கு அவ்வளவு மோசமா இல்ல” என்று அக்கா சொன்னது கூச்சத்தில் சொன்னதல்ல. ஒரு தகவலாகவே அவர் அதைச் சொல்லியிருக்கலாம். அன்று கண்ணாடியில் தன்னைப் பார்த்தவர் அவர். அந்த நாளை உள்ளேயிருந்து வாழ்ந்தவரும் அவர்தான். கறுப்பு வெள்ளை உண்மையைச் சொல்லும், கலர் திசைதிருப்பும் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவள்தான். கறுப்பு வெள்ளை எதைச் சொல்ல வேண்டும் என்று எடுத்தவர் தேர்ந்தெடுக்கிறார், அந்தத் தேர்வுக்கு உண்மை என்ற பெயர் கிடைத்துவிடுகிறது. நிழல் பேசியது என்கிறீர்கள். நிழலைப் பேச வைத்தது நீங்கள்.

அவர் உங்களை நம்பி உட்கார்ந்தது உண்மை. அந்த நம்பிக்கை இப்போதும் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை, போயிருந்தால் மூன்று நாள் யோசித்துப் பதில் எழுதியிருக்க மாட்டார். தம்பி பார்க்கட்டும் என்று உட்கார்ந்தவர் அவர். அந்தப் பார்வையை மற்றவர்களுக்குக் கைமாற்றிவிடும் உரிமையை அதோடு சேர்த்துக் கொடுக்கவில்லை.

படம் உங்களுடையது, முகம் அவருடையது

சட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான நாடுகளில் படம் எடுத்தவர்தான் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர், கூலிக்கோ வேலையின் பகுதியாகவோ எடுத்தால் மட்டும் இது மாறலாம். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பதிப்புரிமை என்பது மற்றவர்கள் உங்கள் படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் உரிமை. படத்தில் இருப்பவரின் அந்தரங்கத்தின் மேல் அது உங்களுக்கு அதிகாரம் தருவதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. 1858-ல் பிரான்ஸில் ராஷெல் என்ற புகழ்பெற்ற நடிகை இறந்தபோது, அவருடைய சகோதரி மரணப் படுக்கையில் படமெடுக்க ஆள் வைத்தார், வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதைப் பார்த்து வரைந்த ஓவியம் ஒன்று விற்பனைக்கு வந்துவிட்டது. வழக்கு நடந்தது. எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், மரணப் படுக்கையில் இருக்கும் ஒருவரின் முகத்தைக் குடும்பத்தின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் ஊருக்குக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை என்று பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முகத்தின் மேலான உரிமை பற்றிய முதல் தீர்ப்புகளில் ஒன்றாக இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். நோயும் படுக்கையும் வீட்டின் உள்ளறையும் சட்டத்தின் கண்ணில் அன்றிலிருந்தே தனி இடம்.

உங்களுக்குச் சாதகமான பக்கத்தையும் மறைக்க மாட்டேன். நியூயார்க்கில் ஒரு இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமல் மாவு விளம்பரத்தில் போட்டு ஆயிரக்கணக்கில் ஒட்டினார்கள். 1902-ல் அவர் வழக்கில் தோற்றார், அதனால் எழுந்த கொந்தளிப்பில் 1903-ல் விளம்பரத்துக்கும் வியாபாரத்துக்கும் சம்மதமில்லாமல் முகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அதே சட்டத்தை வைத்து, ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர் தெருவில் தனக்குத் தெரியாமல் எடுத்த படத்துக்கு எதிராக ஒரு முதியவர் வழக்குப் போட்டபோது, அது கலை, வியாபாரம் அல்ல என்று 2006-ல் நீதிமன்றம் கலைஞர் பக்கம் நின்றது. ஆக, சில நாடுகளில் கலை என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அது பொதுத் தெருவில், முன்பின் அறியாதவரை எடுத்த படம். உங்களுடையது வீட்டுக்குள், நோயில் இருந்தவரை, உறவின் உரிமையில் எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-லிருந்து அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள், கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கின்றன, உடல்நலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பும் தருகின்றன. கலைக்கு விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பிக் குதிப்பதற்கு முன் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தச் செய்தியையும் கண்காட்சிப் படிவத்தையும் காட்டிவிடுங்கள்.

படிவம் என்றதும் ஒன்று. படங்களில் இருப்பவர்களின் சம்மதம் பெற்றிருக்கிறேன், சிக்கல் வந்தால் பொறுப்பு என்னுடையது என்று ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அக்கா வேண்டாம் என்று எழுதிய பிறகு அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான உறுதிமொழி. இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தி அங்கே உங்களைக் காப்பாற்றாது.

அவெடன் விஷயம். 1969-லிருந்து, அப்பா 1973-ல் இறக்கும் வரை, அவெடன் அவரைப் படமெடுத்தார், படங்கள் பெரும் பேர் வாங்கின, உண்மைதான். அந்த அப்பா பல வருடம் அந்தக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தவர். அவருக்கும் மகனுக்கும் இடையில் இருந்தது அவர்கள் கணக்கு. இன்னொருவருடைய அப்பாவின் சம்மதத்தை உங்கள் அக்காவுக்காகக் கடன் வாங்க முடியாது. அப்படி ஒரு உதாரணம் வேண்டுமென்றால் 1936-ல் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே எடுத்த “புலம்பெயர்ந்த தாய்” என்ற புகழ்பெற்ற படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண், ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், யாரென்று உலகத்துக்குத் தெரிந்ததே 1978-ல்தான். தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள் அனுப்பவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். 1983-ல் அவர் நோய்வாய்ப்பட்டபோது அந்தப் படத்தை அறிந்தவர்கள் நன்கொடையும் கடிதங்களும் அனுப்பினார்கள், அதன் பிறகுதான் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் மேல் இருந்த கசப்பு குறைந்து பெருமை வந்தது. 47 வருடம்! மனம் மாறலாம், ஆனால் அது மாறும் நேரத்தை வேறு யாரும் குறித்துக் கொடுக்க முடியாது, ஒரு கண்காட்சியின் கடைசித் தேதியால் நிச்சயம் முடியாது.

இந்த ஆறு வாரத்தில்

முதலில், ஏற்பாட்டாளர்களிடம் வேறு படங்கள் கொடுக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். பத்து வருட வேலை உங்களிடம் இருக்கிறது. கழுத்தில் கத்தி இருக்கும்போது அக்காவிடம் பேசாதீர்கள், அந்த அவசரம் உங்கள் குரலில் தெரியும்.

அப்புறம் அக்காவைப் போய்ப் பாருங்கள், கேமரா இல்லாமல். காரணம் கேட்காதீர்கள், ஏற்கெனவே சொல்லிவிட்டார். “படத்தை நான் ரொம்ப இருட்டாக்கிட்டேன்க்கா” என்று ஆரம்பியுங்கள், அது உண்மை. அவருக்கு விருப்பமிருந்தால் மட்டும் கலர் மூலத்தையும், எதையும் ஏற்றி இறக்காத கறுப்பு வெள்ளையையும், நீங்கள் போட்ட பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 12 மட்டும் போதாது, 900-ஐயும் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. வேண்டாததைக் குறிக்கச் சிவப்புப் பென்சிலை அவர் கையில் கொடுங்கள். அவர் ஒதுக்கும் படத்துக்காக வாதாடாதீர்கள், முகத்தைக்கூடச் சுளிக்காதீர்கள், அது கடினம்தான், தெரியும். நீங்கள் யோசிக்காத ஒரு படத்தில் அவர் கண் நிற்கலாம். எதிலும் நிற்காமலும் போகலாம்.

முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், அவரிடம் கேட்டுவிட்டு. கேட்காமல் வெட்டினால், அவருக்கு வேண்டாம் என்றதில் பாதியை வைத்ததாகத்தான் ஆகும்.

ஒருவேளை சம்மதித்தால், வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் எழுத்தா என்று கூச்சப்படுவீர்கள், ஆனால் இவ்வளவும் நடந்தது எழுதாததால்தான். எந்தெந்தப் படங்கள், சுவரில் மட்டுமா, அச்சு மலரிலுமா, இணையத்திலுமா, விற்பனை உண்டா, படத்தின் கீழே என்ன எழுதுவது, நோயைக் குறிப்பிடுவதா, எந்தத் தேதி வரை அவர் மனம் மாறலாம். இணையத்தைத் தனியாகக் கேளுங்கள். சுவரிலிருந்து படத்தைக் கழற்றலாம், இணையத்தில் ஒருமுறை போனதைத் திரும்பக் கூட்டிவர முடியாது. ரா ஃபைல்கள் எங்கே இருக்கின்றன, யார் கையில் கடவுச்சொல், உங்களுக்குப் பிறகு அவை யாருக்கு என்பதையும் அதில் சேருங்கள். ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும்.

செய்யக் கூடாதது ஒன்றுதான்: வீட்டில் வேறு யாரையும் தூது அனுப்பாதீர்கள். அம்மாவோ அத்தானோ சொல்லி அக்கா சரி என்றால், அது மறுபடியும் அந்தச் சிகிச்சை வாரத்துச் “சரி”தான்.

நம்ப மாட்டேன் என்கிறாளே என்று கேட்டீர்கள். அவர் வேண்டாம் என்று உங்களிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறார், அதை நீங்கள் தாங்குவீர்கள் என்று நினைத்துத்தான். நோயில் கிடந்தபோது சொல்ல முடியாத வார்த்தை அது, இப்போது சொல்லத் தெம்பு வந்திருக்கிறது. ஐந்து மாதம் பக்கத்தில் இருந்த உங்களுக்கு அதன் அருமை தெரியாமல் இருக்காது.

பென்சில் எல்லாப் படத்தையும் ஒதுக்கிவிட்டால், ஏற்பாட்டாளர்களுக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: இந்தத் தொகுப்பைத் திரும்பப் பெறுகிறேன், மாற்றாக இவற்றை அனுப்புகிறேன். காரணம் கேட்டாலும் சொல்லாதீர்கள், அக்காவின் நோயும் சரி மறுப்பும் சரி, அவர்தான் சொல்ல வேண்டும்.